பெல்ட் அறுந்த பிற்பகல்

இவர் சாவியைத் திருப்புகிறார். விடுகிறார். மறுபடி திருப்புகிறார். எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கமாட்டேன் என்கிறது. எனக்கு அந்தச் சத்தமே போதும், பானட்டைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. இன்று மத்தியானம்வரை இந்த வண்டியைக் கிளப்பும்போது ஒரு முக்கல் இருக்கும், மூட்டை தூக்குகிறவன் அடிவயிற்றிலிருந்து விடுகிற மூச்சு மாதிரி, அதற்குப் பிறகுதான் பிடிக்கும். இப்போது முக்கல் இல்லை. காலித் தகரத்துக்குள் காற்றாடியை வைத்ததுபோல் விர்ரென்று, வெகு சுலபமாகச் சுற்றுகிறது. உள்ளே எதிர்த்துத் தள்ளுவதற்கு எதுவுமே இல்லை. "பெட்ரோல்ல தண்ணியக் கலந்துட்டான் பாவிப்பய" என்கிறார். "அத்தான், போதும், இனிமேல் திருப்பாதீங்க" என்கிறேன். "உனக்கு என்ன தெரியும்" என்று இன்னொரு தரம் திருப்புகிறார். எனக்கு என்ன தெரியும். ஈரத்துணியை உதறினாற்போல் ஒரே ஒரு அடி கேட்டது தெரியும். அதன் பின்னால் யாரோ ஒரு பிடி கரண்டியை இரும்புச் சட்டிக்குள் போட்டதுபோல் ஒரு கலகலப்பு, அப்புறம் நிசப்தம், ஸ்டியரிங் கல்லாகக் கனத்துப்போய் இவர் இரண்டு கையாலும் அதை ஒடித்து ஓரத்துக்குக் கொண்டுவந்தது, பின்னால் வந்த லாரி திட்டிக்கொண்டே போனது, எல்லாம் தெரியும். டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. கீழே சுற்றுகிற தண்டையும் மேலே சுற்றுகிற தண்டையும் ஒரே தாளத்தில் பிடித்துவைத்திருக்கிற பல்லுள்ள ரப்பர் பட்டை. அது அறுந்தால் மேலே வால்வுகள் திறந்தது திறந்தபடி நின்றுவிடும், கீழேயிருந்து பிஸ்டன் ஏறி வந்து அவற்றை முட்டி வளைக்கும். கரண்டி கொட்டின சத்தம் அதுதான். சாத்தூர் தாண்டியாயிற்று, விருதுநகர் வரவில்லை. இரண்டு பக்கமும் கரிசல், வேலிக்கருவை, வெயிலில் கண்ணைக் கூசவைக்கிற நாலுவழிச் சாலை, தொலைவில் ஒரு மேம்பாலம். மதுரையில் அந்த ஆஸ்பத்திரியில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். நாளைக் காலையில் என் சிநேகிதி ரஞ்சிதத்தின் குரல்வளையை எடுத்துவிடுவார்கள்.

எடுத்துவிடுவார்கள். பல் எடுப்பதைச் சொல்கிற மாதிரிதான் அவள் சொன்னாள். சனிக்கிழமை போன் வந்தது. முதலில் யாரோ ஆண்பிள்ளை என்று நினைத்தேன், தகரத்தில் மணலைத் தேய்க்கிற குரல். "ஆவுடை, நான்தான்டி. தொண்டையில கட்டி. மொத்தமா எடுத்துரணும்னு சொல்லிட்டாங்க. கழுத்துல ஒரு ஓட்டையப் போட்டு அது வழியா மூச்சு. பேச்சு கிடையாது. இனிமே நான் ரொம்ப அடக்கமான பொம்பள." நான் அழத் தொடங்குவதற்குள் அவளே அடக்கினாள். "அழுது என் நேரத்த வீணாக்காத. டாக்டர் இருக்கிற குரலப் பாத்துச் செலவு பண்ணச் சொல்லியிருக்கார். போன்ல பேசித் தீக்கமாட்டேன். திங்கக்கிழமை வா. அன்னைக்குப் பூரா உனக்குத்தான். செவ்வாக்கிழமை காலையில கத்தி." வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவள், விசிலே வாங்கமாட்டாள். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் மதில் ஏறுகிற பிள்ளை இறங்கிவிடும். படிக்கிற காலத்தில் விடுதியில் நான் எழுதுகிற கவிதையை அவள்தான் வாசிப்பாள், குளியலறையில், எதிரொலி வேண்டும் என்று. டிரில் போடுகிற மாதிரிதான் வாசிப்பாள், லெஃப்ட் ரைட், லெஃப்ட் ரைட். அந்த முரட்டு வாய்க்குத் தாங்கின வரி நிற்கும், தாங்காத வரியில் அவள் நிறுத்தி "இங்க நொண்டுதுடி ஆவுடை" என்பாள். சரியாக அங்கேதான் நொண்டும். கவிதையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நொண்டுவது தெரியும். ஆவுடை. என்னை அந்தப் பெயரில் கூப்பிட இனி வேறு யார் இருக்கிறார்கள். அம்மா போனாள், அண்ணன் போனான். இவருக்கு நான் ஏளா, இல்லாவிட்டால் இந்தா. பக்கத்து வீட்டுக்கு மாமி, பால்காரருக்கு அம்மா. அந்தக் குரலில் அந்தப் பெயரை இன்று ஆறு மணிக்குள் கேட்டால் கேட்டது. இல்லாவிட்டால் இல்லை. அதற்காகத்தான் வந்தேன், அதற்காகத்தான் காலையில் நாலு மணிக்கே குளித்துப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தேன், கூண்டுக்குள் கோழி மாதிரி.

விடிகாலை பஸ்ஸில் ஏறியிருந்தால் இந்நேரம் அவள் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு என்ன பஸ்ஸுக்கா பஞ்சம், ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மாட்டுத்தாவணி. சொன்னேன். "கார வீட்ல வச்சிக்கிட்டு நீ பஸ்ல போவியா? பாக்கிறவன் என்ன நினைப்பான்? நான் கொண்டு விடுதேன்." பாக்கிறவன். நாற்பத்தைந்து வருடமாக எங்களோடு குடியிருக்கிறான் அந்தப் பாக்கிறவன், வாடகை தராமல், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு. இதுவரை அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. சரி, கார் என்றால் கார், ஆறு மணிக்குக் கிளம்புவோம் என்றேன். ஆறு மணிக்கு வண்டி கழுவ வேண்டும். ஏழரைக்கு ராகுகாலம் வந்துவிட்டது. ஒன்பதுக்கு ராகுகாலம் விலகினதும் டயருக்குக் காற்று. காற்றடிக்கிற இடத்தில் யாரோ பழைய சிநேகிதர், இவர் போய் ஆற அமரக் காற்று வாங்கிவிட்டு வந்தார். பத்தரைக்கு எமகண்டம். "ஆஸ்பத்திரிக்குப் போற காரியம், எமகண்டத்துல கிளம்பலாமா? உன் சிநேகிதிக்குத்தான் நல்லதில்ல." அவளுக்கு நல்லது பார்க்கிறார். உச்சிப்பொழுதுக்கு எமகண்டம் முடிந்ததும் "ரெண்டு வாய் சாப்பிட்டுட்டே போயிருவோம்". அப்புறம் நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம். பழத்தின் மேல் சக்கரம் ஏறி நசுங்குகிற அந்தப் பிசுபிசுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. நான் ஏன் எழுந்து போகவில்லை. பஸ் ஸ்டாண்டு எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். கால் இருக்கிறது, பை இருக்கிறது, வாசல் திறந்து கிடக்கிறது. ஏன் போகவில்லை என்று இப்போது சாலையோரத்தில் நின்று கேட்கிறேன், பதில் சொல்ல வேண்டியவர் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார்.

வெள்ளை வண்டி. பத்து வருடமாகிறது, இன்றைக்குக் கடையிலிருந்து வந்ததுபோல் இருக்கும். ஓய்வுபெற்ற வருடம் வாங்கியது. எங்களுக்குப் பிள்ளையில்லை, தெருவில் "சார் பிள்ள மாதிரி வச்சிருக்காரு" என்று சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொல்வார்கள். மழைக்கு ஒரு உறை, வெயிலுக்கு ஒரு உறை. தினம் காலையில் உறையைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி உறையைப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே நிறுத்திக் கிளப்பி, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பார், பேட்டரிக்கு நல்லதாம். ஆயுத பூசைக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, ஸ்டியரிங்குக்கு மாலை. வருகிறவர்களிடம் கதவைத் திறந்து கிலோமீட்டரைக் காட்டுவார். "பாருங்க, முப்பதாயிரம் தாண்டல. ஓடாத வண்டி. புதுசு மாதிரி." ஓடாததில் என்ன பெருமை என்று ஒருநாளும் எனக்குப் புரிந்ததில்லை. நாற்பத்தெட்டு வயதில் நான் கார் ஓட்டப் பழகினேன், வீதியில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸும் வாங்கினேன். அந்த லைசென்ஸையும் புதுப்பித்துப் புதுப்பித்து பீரோவில் வைத்திருக்கிறார், அதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. "நீ எதுக்கு, நான் இருக்கேன்லா?" இருக்கிறார். எனக்கு எதையாவது வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும், பொட்டலம் மடித்த காகிதமானாலும் சரி. இவர் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற நேரமெல்லாம் நான் வண்டிக்குள் உட்கார்ந்து, முன்னால் இருக்கிற பெட்டியிலிருந்து வண்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தை எடுத்து வாசிப்பேன். நல்ல நடை. அலங்காரம் கிடையாது, தயங்காது, செய் என்றால் செய், தொடாதே என்றால் தொடாதே. அதில் இந்தப் பெல்ட்டைப் பற்றி இருந்தது. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்றவும். எது முந்துகிறதோ. அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப்போய் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். இவரிடமும் சொன்னேன். ரப்பர் அத்தான், நின்ற இடத்திலேயே நின்றாலும் காயும், வருடம் எப்போதோ முந்திவிட்டது. "அது கம்பெனிக்காரன் பிழைப்புக்கு எழுதி வச்சிருக்கான். ஓடின வண்டிக்குத்தான் அதெல்லாம். நீ கதைப் புத்தகம் வாசிக்கிறதோட நிறுத்திக்கோ." நிறுத்திக்கொண்டேன். மூன்று வருடமாக இந்த வண்டியில் உட்காரும்போதெல்லாம் ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், இப்போதுதான் தெரிகிறது. காய்கறி வாங்கப் போகிறபோது அறுந்திருக்கலாம். காது குத்துக்குப் போகிறபோது அறுந்திருக்கலாம். நேற்றுத்தானே இவருடைய தங்கை பேத்திக்குக் காது குத்து, இதே வண்டியில்தான் போய்வந்தோம், போகிற வழியெல்லாம் ஏசியைப் போட்டுக்கொண்டு, சாவகாசமாக.

மெக்கானிக் மாரிக்கனிக்குப் போன் போட்டாயிற்று. ஸ்பீக்கரில் போட்டுத்தான் இவர் பேசுவார், கையில் பலகை பிடித்திருப்பதுபோல் போனை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு. "சார், சாவிய இனிமே தொடாதீங்க. பெல்ட் போயிருச்சு. வால்வெல்லாம் என்ன கதியோ, பிரிச்சாத்தான் தெரியும். நான் இழுக்கிற வண்டி சொல்லி விடுதேன். கோவில்பட்டியில இருந்து வரணும், செத்த நேரம் ஆகும், நிழல்ல உக்காருங்க." பெல்ட் என்று அவன் சொன்னபோது இவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே போகிற லாரியைப் பார்த்தார். அப்போது பார்த்திருந்தால்கூடப் போதும். ஒரு தரம், பக்கவாட்டில், ஆமா நீ சொன்னே என்று வாயைத் திறக்காமல் ஒரு பார்வை பார்த்திருந்தால் என் கோபம் பாதி இறங்கியிருக்கும், எனக்கு என்னைத் தெரியும், நான் அவ்வளவு மலிவு. பார்க்கவில்லை. கைக்குட்டையால் பானட்டில் விழுந்த தூசியைத் துடைக்கிறார். செத்த வண்டியைத் துடைக்கிறார். "விருதுநகர்லேயே யாராவது இருக்க மாட்டாங்களா" என்கிறேன். "கண்டவன் கையில எல்லாம் வண்டியக் குடுக்க முடியுமா? மாரிக்கனிக்குத்தான் இது பழக்கம். இழுவை வண்டி வந்ததும் அதுலயே ஏறி ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருவோம்." "வீட்டுக்கா?" "பின்ன?" "ரஞ்சிதம்?" "நாளைக்குப் போனாப் போச்சு. நாளான்னைக்கும் போலாம். ஆபரேசன் முடிஞ்சு பாத்தா என்ன, ஆளு அங்கதான இருக்கப் போறா?" ஆள் அங்கேதானே இருக்கப் போகிறாள். நான் அந்த வாக்கியத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், சூடான பாத்திரம், கீழே வைக்க இடமில்லை. ஆள் இருப்பாள். கட்டில் இருக்கும், கட்டிலில் ஆள் இருப்பாள், கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருக்கும், அதற்கு நடுவில் ஒரு ஓட்டை மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். பலகையில் எழுதிக் காட்டுவாள். அவள் எழுத்தோ, கடவுளே, வருகைப் பதிவில் அவள் எழுதிய பெயர்களைப் படிக்க முடியாமல் தலைமை ஆசிரியை அழுவாளாம். ஆளை மட்டும் பார்ப்பதற்கு நான் போகவில்லை என்பது இந்த மனுஷருக்குத் தெரியாதா, தெரியாதுதான். ஒரு குரலுக்காக ஒருத்தி புறப்பட்டு வருவாள் என்பதை எந்தப் பாஷையில் இவருக்குச் சொல்வது. இவருக்குச் சத்தங்கள் எல்லாம் ஒன்று. எஞ்சின் முக்குவதும் ஒன்று, விர்ரென்று சுற்றுவதும் ஒன்று. நான் பேசினாலும் பேசாமல் போனாலும் ஒன்று. கல்யாணமான புதிதில் ஒருமுறை கோபத்தில் பதினைந்து நாள் பேசாமல் இருந்தேன். பதினாறாவது நாள் நானே தோற்றுப்போய், கோபம் என்றேன். "அப்படியா, எப்போ?" என்றார்.

வேலிக்கருவையின் நிழல் நிழலே இல்லை, வெயிலைச் சலித்துக் கொட்டுகிற சல்லடை. அதன் கீழ் நின்று, யோசிக்கக்கூடாத ஒன்றை யோசிக்கிறேன். பெல்ட் அறுந்தபோது, அந்த நிசப்தத்தில், கோபம் வருவதற்கு முன்னால் இன்னொன்று வந்தது. அப்பாடா என்று வந்தது. இன்றைக்குப் போக வேண்டாம். அந்தத் தகரக் குரலுக்கு முன்னால் உட்கார வேண்டாம். அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் செலவழிப்பதை, ஒவ்வொன்றாகத் தீர்வதை உட்கார்ந்து கேட்க வேண்டாம், சாயங்காலம் மணியடித்ததும் எழுந்து, வரட்டுமா என்று கேட்டு, போ என்று அவள் சொல்கிற கடைசி வார்த்தையை வாங்கிக்கொண்டு படியிறங்க வேண்டாம். வண்டி கெட்டுப்போச்சுடி, என்ன செய்ய. எவ்வளவு நல்ல காரணம். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, இவரைத்தான் சொல்வார்கள், ஆயுசுக்கும் நானும் இவரையே சொல்லிக்கொண்டிருக்கலாம், ஒவ்வொரு தீபாவளிக்கும் எடுத்துச் சொல்லலாம். அது தெரிந்தபோதுதான் எனக்கு நிஜமான கோபம் வந்தது, உச்சந்தலை கொதிக்கிற கோபம், வியர்வைகூடக் காய்ந்துபோனது. இந்த மனுஷர் என்னைத் தடுத்துக்கொண்டே இருந்தார், சரி. தடுக்கப்படுவது எனக்குச் சௌகரியமாக எப்போது ஆயிற்று. எலுமிச்சம்பழம் நசுங்கும்போது நான் முன்சீட்டில் ஏன் உட்கார்ந்திருந்தேன். சாலையோரப் பள்ளத்திலிருந்து ஆடுகள் ஏறி வருகின்றன, பின்னாலேயே ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், தலையில் துண்டு, கையில் தொரட்டி. "வண்டி மக்கர் பண்ணுதாக்கும்?" "ஆமா." "அண்ணாச்சிக்கு மொகம் நல்லால்ல. கோவமோ?" "கோவம் எனக்குத்தான்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கோவம்னு சொல்லுத, மரத்தடியில நிக்க. எனக்குக் கோவம் வந்தா ஆட்டப் பத்திக்கிட்டுப் போயிருவேன். பொழுதடஞ்சு போவேன். எங்க வீட்டு ஆளு அதுக்குள்ள சோறு பொங்கி வச்சிருக்கும்." "எனக்கு ஆடு இல்லியே" என்றேன். "ஆடு இல்லாட்டி என்ன, கால் இருக்குல்லா? எங்க போவணும்?" "மதுரை." "இங்க நின்னா எந்த பஸ்ஸும் நிக்காது. கை காட்டினா ஆரன் அடிச்சிட்டுப் போயிருவான். அந்தா பாலம் தெரியுதுல்லா, அதுக்குக் கீழ ஊருக்குத் திரும்புற ரோடு. அங்கன நில்லு. சாத்தூர்ல நின்னு வர்ற வண்டி இறங்கி வரும்." ஆடு ஒன்று எங்கள் வண்டியின் வெள்ளைக் கதவில் முதுகைத் தேய்த்தது. "ஏய், ஏய், ச்சூ, கோடு விழும்" என்று இவர் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவள் ஆட்டைக் கூப்பிடவில்லை. "கோடு விழுந்தா வண்டி ஓடாதோ?" என்றாள்.

பின்சீட்டிலிருந்து என் பையை எடுத்தேன். புளியோதரைப் பொட்டலத்தையும் தண்ணீர்ப் பாட்டிலையும் சீட்டிலேயே வைத்தேன், இவருக்கு மூன்று மணிக்கு மேல் பசித்தால் கை நடுங்கும். பிறகு பாட்டிலை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன், எனக்கும்தான் தாகமெடுக்கும். "எங்க?" "மதுரைக்கு." "நடந்தா?" "பாலத்துக்கு. அங்க பஸ் நிக்குமாம்." "ஏளா, வெயில்ல மூளை கலங்கிட்டா? வண்டிய விட்டுட்டு நான் எப்படி வர?" "நீங்க வர வேண்டாம்." அந்த மூன்று வார்த்தை அவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "தனியா நீ... முட்டு வலிக்கும்... போன்ல சார்ஜ் இருக்கா... பாக்கிறவன்..." என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், எதுவும் பிடிக்கவில்லை. "பெல்ட்ட மாத்தச் சொல்லி நான் சொன்னேன் அத்தான்" என்றேன், "மூணு வருஷத்துக்கு முன்னாடி சொன்னேன். வாசிச்சும் காட்டினேன்." சத்தம் போட்டுத்தான் சொன்னேன், ஆட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். பதிலுக்கு நிற்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, சரளையில், செருப்புக்குள் கல் புகுந்து புகுந்து, நடந்தேன். முட்டு வலித்தது. லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது புடவையைப் பிடித்து இழுத்துவிட்டுப் போகிற காற்று. பயமாக இருந்தது. எனக்குத் தனியாக இந்தச் சாலையில் நடக்கப் பயம், பஸ் நிற்காமல் போய்விடும் என்று பயம், நின்றுவிடும் என்று பயம். பாலம் கிட்டத்தில் தெரிந்தது, நடக்க நடக்கத் தள்ளிப் போனது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் பெட்டி, அதன் பக்கத்தில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு மெலிந்த கிழவர், இந்தப் பக்கமே பார்த்தபடி. அத்தை மகன். சின்ன வயதில் என் பின்னாலேயே வந்து கிணற்றடியில் வழுக்கி விழுவான். ஒரு நிமிஷம் இரக்கம் வந்தது, வந்த வேகத்தில் அதையும் கோபித்துக்கொண்டேன், உன்னை யார் கூப்பிட்டது, இப்போது போ, நாளைக்கு வா. பாலத்துக்குக் கீழே ஒரு பெட்டிக்கடை, மூடிக் கிடந்தது. நின்றேன். ஒரு பஸ் மேலேயே போய்விட்டது, பாலத்தின் அடிவயிறு தடதடத்தது. இன்னொன்றும் மேலேயே போனது. நிழல் சாய்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது மேலே போனால் உட்கார்ந்துவிடுவேன் என்று நினைத்தேன், உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டேன். மூன்றாவது, இறங்கி வந்தது. கையை நீட்டினேன். கையை மட்டும் நீட்டவில்லை, நடுவில் போய் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. பிரேக் கதறி நின்றது. "என்ன ஆச்சி, உயிர் கசக்குதா?" என்று கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார். "மதுரை போகுமா?" "நீங்க நிக்கிற நிப்புக்குப் போகலன்னாலும் போவேன். ஏறுங்க, ஏறுங்க, கம்பியப் பிடிச்சுக்கோங்க."

ஏறினேன். உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டேன், பஸ் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. முக்கி முக்கி ஏறியது. பைக்குள் போன் அடித்தது, ஒரு கையால் துழாவி எடுப்பதற்குள் நின்றுவிடுமோ என்று பதறினேன், நிற்கவில்லை. ரஞ்சிதம். "எங்கட்டி இருக்க? நான் காலையில இருந்து..." மணல், தகரம், வார்த்தை வார்த்தையாகப் போய்க்கொண்டிருக்கிறது, இங்கே, இந்தப் பஸ் இரைச்சலில், ஒரு ஓட்டைப் போனுக்குள், பாதி காதில் விழாமல். "பேசாதே!" என்று கத்தினேன். "வாயத் தொறக்காத! நான் பஸ்ல இருக்கேன், வந்துகிட்டே இருக்கேன். நான் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசின, நாளைக்கு அவங்க அறுக்க வேண்டாம், நானே வந்து உன் கழுத்தத் திருகிருவேன்! கேக்குதாடி? பேசாத, ம்ங்கிறதுகூட வேண்டாம்!" பஸ் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. போனுக்குள் எங்கோ அடியில் ஒரு கரகரப்பு தொடங்கி, ஏறி, உடைந்து, மூச்சு முட்டி, மறுபடி ஏறியது. அவள் சிரிக்கிறாள். கத்தித் திட்டினால் அப்படித்தான் அவளுக்குச் சிரிப்பு வரும், அடக்கத் தெரியாது, மேசையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. இதையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள். மூன்று நாளாகப் பேச்சு, பேச்சு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன், என் பெயர், அவள் வாய், அந்த வரி, இந்த வரி. சிரிப்புக்கும் அதே இடம்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "டிக்கெட், ஆச்சி" என்று கண்டக்டர் வந்து நின்றார். கம்பியை விட்டுவிட்டு அந்தக் கையை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன், இரு. இன்னொரு கையால் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, பிடிமானமில்லாமல், விழுந்துவிடாமல், நின்றேன். அவள் இன்னும் நிறுத்தவில்லை.